வெள்ளை இருதயம்

கிள்ளான் நகரத் துணிக்கடை ஒன்றில் மகளின் பள்ளி வேலைக்காக ஃபெல்ட் துணிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எழுந்த அந்துருண்டை வாசனை, என்னைப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் கடைசி வீட்டுக்கு இழுத்துப் போனது. இன்று அங்கே அடுக்குமாடி நிற்கிறது.

அந்த வீட்டு முன்னறையில் ஞாயிறுதோறும் கிரேஸ் ஆன்டி எங்களுக்கு வேதபாடம் நடத்துவார். ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும். அது ஓயும்வரை காத்திருந்து, பசையில்லாமலே ஃபெல்ட் துணி ஒட்டிக்கொள்ளும் ஃபெல்ட் பலகையில், அந்துருண்டை மணக்கும் கறுப்புத் துணி இருதயம் ஒன்றை ஒட்டி, “இது நம்ம பாவம்” என்பார். பிறகு அதன்மேல் வெள்ளையை வைத்து அழுத்தி, “இயேசுவோட ரத்தம் கழுவிருச்சு, பாத்தீங்களா?” என்பார்.

ஒரு வாரம், பாய் சுருட்டுகிற சாக்கில் அந்த வெள்ளை இருதயத்தை எடுத்து என் கவுன் பைக்குள் போட்டுக்கொண்டேன். நரக பயம்தான். அது என்னிடம் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு ஆன்டி தன் கைக்குட்டையை இருதயமாக வெட்டிக் கொண்டுவந்தார். அது பலகையில் பிடிக்காமல் வழுக்கி விழ விழ, அவரும் குனிந்து குனிந்து எடுத்து வைக்க, ஒவ்வொரு முறையும் அடியிலிருந்த கறுப்பு தெரிந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“ஒட்ட மாட்டேங்குது லா” என்றாரே தவிர, பழையதை யார் எடுத்தது என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அழுது ஒப்புக்கொண்டிருப்பேன். அவர் வழக்கம்போலக் கேட்டது வேறு.

“வெள்ளை இருதயம் யாருக்கெல்லாம் வேணும்? கை தூக்குங்க.”

எல்லோருக்கும் முன்னால் தூக்கியது நான்தான். இன்னொரு கை பைக்குள் இருந்தது.