தண்ணீர்க்காரரின் பத்து நாள்

ஒரு மனிதர் பார்த்த வேலையைப் பார்க்கவே இல்லை என்று ஆக்கியவன் நான். பொய் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இல்லை என்று மட்டும் சொன்னேன். ஏன் இல்லை என்பதை மறைத்தேன்.

அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். வெளிவேலை ஊழியர்களின் வருகைப் பதிவேடும் விடுப்பும் என் பொறுப்பு. எங்கள் பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் திறந்துவிட்டவர் பக்கத்துத் தாமல் கிராமத்துக்காரர். விடிவதற்குள் நீண்ட இரும்புச் சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக வால்வு திருப்பிப் போவார். ஞாயிறோ சுதந்திர தினமோ, தண்ணீர் வந்தாக வேண்டும். அப்படி விடுமுறையில் உழைத்த நாளுக்குப் பதிலாக இன்னொரு நாள் ஓய்வு உண்டு. ஈடுசெய் விடுப்பு என்போம். பத்து நாள் வரை சேர்க்கலாம். ஆறு மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். உழைத்ததற்குச் சான்று பதிவேட்டில் அன்றன்றே போடும் கையெழுத்துதான்.

பதிவேடு அலுவலக பீரோவில். விடுமுறை நாளில் பீரோ சாவி என் வீட்டில். முதல் சில ஞாயிறுகளில் அவர் வீடு தேடி வந்து கேட்டார். "லீவு நாள்லயும் நிம்மதியா இருக்க விடமாட்டியாய்யா? இனிமே இந்தப் பக்கம் வராதே" என்று வாசலிலேயே கத்தினேன். பிறகு அவர் வரவில்லை.

அந்தக் கார்த்திகையில் தாமல் ஏரி நிரம்பியது. ஏரிப் பாசனத்தில் அவருக்கு அரை ஏக்கர் இருந்தது. மற்ற விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டதால், நடவுக்காக ஈடுசெய் விடுப்பில் பத்து நாள் கேட்டு மனு கொடுத்தார். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "இவர் லீவு நாள்ல வேலை பார்த்திருக்காரா?" என்றார்.

"பதிவேட்டில் இல்லை சார்."

மனு தள்ளுபடியானது. தை மாதம் எதிரில் வந்தவரிடம், "நட்டாச்சா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"ஊரே பச்சையா இருக்குது சார். என்னுது மட்டும் மொட்டை போட்டுக்கினு நிக்குது. திருப்பதிக்கு வேண்டிக்கிச்சோ என்னவோ" என்று சிரித்தார்.

அன்றே அதிகாரியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். பயந்தேன். அடுத்த கார்த்திகையிலும் ஏரி நிரம்பியது. இந்த முறை அவர் மனுவே கொடுக்கவில்லை. அதுதான் என்னைக் கிளப்பியது. ஆனால் அந்த ஆறு மாதத்தில் அவர் உழைத்த விடுமுறை நாள்களுக்குச் சான்றுக்கு எங்கே போவது?

எங்கள் ஊர் நெசவாளருக்கு அமாவாசைதான் விடுமுறை. அரசு விடுமுறையில் தறியும் ஓடும், சாயப் பட்டறையும் கொதிக்கும். பக்கத்துத் தெரு சாயக்காரரிடம் போனேன். "பெரியவரே, அக்டோபர் ரெண்டாந்தேதி தண்ணி வந்துதா?"

"வராம? பட்டு நூலை எச்சில்ல அலசினேன்னு நெனச்சியாபா?"

நீளமான நோட்டைப் பிரித்தார். தினமும் எந்த நிறம், எத்தனை கழி நூல் என்று எழுதியிருந்தது. அக்டோபர் இரண்டு, அரக்கு. ஆகஸ்ட் பதினைந்து, மாம்பழ மஞ்சள். ஞாயிறுகளில் கிளிப்பச்சை, வெங்காயச் சருகு. விடுமுறை நாளெல்லாம் வண்ண வண்ணமாக அங்கே இருந்தது. எங்கள் பகுதிக்குத் தண்ணீர் திறப்பவர் தாமல்காரர் ஒருவர்தான்.

விஷயத்தைச் சொன்னதும் சாயக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "அந்தாளு வரலைன்னா என் சாயம் திட்டுத் திட்டா பூடும். நானே வந்து சொல்றேன், நடபா."

வழியில் இன்னும் இரண்டு பட்டறைக்காரர்கள் நோட்டோடு சேர்ந்துகொண்டார்கள். அதிகாரியின் மேஜை முன்னால் நான்தான் முதலில் பேசினேன். "கையெழுத்து இல்லாததுக்கு நான்தான் காரணம் சார். பதிவேட்டைப் பூட்டிட்டுப் போனேன். சாவி கேட்டு வந்தவரை விரட்டினேன். போன வருஷமும் தெரிஞ்சேதான் மறைச்சேன்."

அவர் மூன்று நோட்டுகளையும் நிதானமாகப் புரட்டினார். "கொடுத்துடலாம். பத்து நாளும் தண்ணி யாருய்யா திறக்கறது?"

சாயக்காரர் சாயமேறிய விரலை என் பக்கம் நீட்டினார். "இதோ நிக்கிறாரே!"

அதிகாரி அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். உத்தரவு அன்றே வந்தது. வெளிவேலைப் பதிவேடு இனி பம்ப் ஹவுஸில் எல்லா நாளும் திறந்திருக்கும். எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணையும் வந்தது, அது நியாயம்.

தண்ணீர்க்காரர் இரும்புச் சாவியை என் தோளில் ஏற்றிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினார். முதல் நாள் நான் தெரு மாற்றித் திறந்துவிட்டேன். குடத்தோடு நின்ற அம்மா ஒருவர், "என்னா குமாஸ்தா சார், தண்ணி ஃபைல்ல மாட்டிக்கிச்சா?" என்றார். தெருவே சிரித்தது. உள்ளங்கை கொப்பளித்தது. ஆனால் ஒரு பட்டறையிலும் சாயம் கெடவில்லை.

பதினோராம் நாள் வந்தவர், "ஒரு மூலை பாக்கி இல்ல சார், நட்டாச்சு" என்றார். பதிவேட்டைப் புரட்டி என் கையெழுத்துகளைப் பார்த்தார். "ரெண்டு ஞாயித்துக்கெழமை. உங்களுக்கும் லீவு சேர்ந்துக்கினு இருக்குதே!"

அதில் ஒரு நாளை எடுத்துக்கொண்டு தாமல் போனேன். பயிர் பச்சை பிடித்திருந்தது. முந்தின வருஷத்துப் பத்து நாளைத் திருப்பித் தர எந்த விதியிலும் இடமில்லை. அன்று அதிகாரி கேட்டபோது உண்மையை மறைத்ததை வரப்பில் நின்று தண்ணீர்க்காரரிடமே சொன்னேன்.

"தெரியும் சார்" என்றார். "பார்த்து நில்லுங்க, வழுக்கும்."