கழுவிய சிலிண்டர்கள்

சர்வர் அறையில் சூப்பர்வைசர் இருந்தார். ஆர்.கே.பேட்டையிலிருந்து வரும் இன்ஜினியர் மேடம் இருந்தார். யார்டில் சிலிண்டர் உருட்டுகிறவர் வாசலில் நின்றார். கீபோர்டுக்கு முன்னால் நான்.

கும்மிடிப்பூண்டியில் காஸ் சிலிண்டர்களைச் சோதிக்கிற கம்பெனி அது. தண்ணீர் ஏற்றி அழுத்தம் கொடுப்போம். தாங்காத சிலிண்டரின் எண் கம்ப்யூட்டரில் ஏறும். யார்டுக்காரர் அதன் மேல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார்.

ஆயுத பூஜைக்கு நான்தான் யார்டைக் கழுவினேன். சிலிண்டர்களையும் கழுவினேன். எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தேன். குறிகள் தண்ணீரோடு போனது அப்போது உறைக்கவில்லை. அதற்கு முன்பே, மிஷின் எல்லாம் ஓய்வெடுக்கட்டும் என்று சூப்பர்வைசர் மெயின் சுவிட்சை இறக்கியிருந்தார். சர்வரும் அதோடு நின்றது.

லீவு முடிந்து வந்தால் பட்டியல் இருந்த கம்ப்யூட்டர் எழவில்லை. அது சர்வருக்குள் ஓடுகிற விர்ச்சுவல் மெஷின். தனி உடம்பு கிடையாது. அதன் டிஸ்க் என்பது ஒரே ஒரு பெரிய ஃபைல்.

கேட்டில் லாரி வந்து நின்றது. கெட்ட சிலிண்டர் ஒன்று ஏறிப் போனாலும் காஸ் நிரப்பும்போது வெடிக்கும். நிரப்புகிறவர்கள் பக்கத்திலேயே நிற்பார்கள்.

நான் பத்தாவது, அப்புறம் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தவன். மேடமும் நானும் ஒரு வருஷமாக ஒரு லைப்ரரி எழுதிவந்தோம். விர்ச்சுவல் மெஷினைக் கிளப்பாமலே அதன் டிஸ்கைத் திறந்து, உள்ளிருக்கும் ஃபைலை எடுத்துத் தருகிற நிரல். டிஸ்கில் கோளாறு இருந்தால் திறந்த உடனே அதுவே திருத்தும்படி நான் எழுதி வைத்திருந்தேன். பாதியில் நின்ற டிஸ்கில் எதைத் திருத்தும், எதை அழிக்கும், தெரியாது.

"அண்ணா, படிக்க மட்டும்னு மாத்திட்டீங்களா?" என்றார் மேடம்.

"மாத்திக்கினு இருக்கேன்."

"மொதல்ல காப்பி எடுங்க. ஒரிஜினல்ல கை வைக்காதீங்க."

காப்பி ஏற முக்கால் மணி நேரம் ஆனது. கையைத் தொடையடியில் வைத்துக்கொண்டேன்.

"குளிப்பாட்டன, பொட்டு வெச்ச. சட்டையும் தெச்சி போட்டு வுட்றதுதான?" என்றார் சூப்பர்வைசர்.

"மெயின யாரு எறக்கனதாம்?" என்று யார்டுக்காரர் கதவைப் பார்த்துச் சொன்னார்.

காப்பியைத் திறந்தேன். திறந்தது. பட்டியல் இருந்தது. எண்களை வாய்விட்டுப் படித்தேன். பத்து எண்.

"இன்னாணா, பத்தா?" என்றார் யார்டுக்காரர். "நான் பதினொண்ணு போட்டேன்."

"நல்லா தெரியுமா?" என்றேன்.

"மெயின் எறக்கறதுக்கு கொஞ்சம் முன்ன ஒண்ணு வந்துச்சு. அதுக்கும் போட்டேன்."

நான் இன்னொரு முறை தேடினேன். மேடம் தேடினார். கடைசி எண் டிஸ்கில் எழுதப்படுவதற்குள் கரண்ட் போயிருக்கிறது என்றார். எழுதாததை எந்த லைப்ரரியும் எடுத்துத் தராது.

சூப்பர்வைசர் கேட்டுக்குப் போனார். லாரி காலியாகத் திரும்பியது.

யார்டில் இருந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு. சிலிண்டரின் தோளில் வெட்டிய எண்ணைப் பார்த்துப் பத்தை ஓரம் கட்டினோம். மற்றவை பொட்டோடு வரிசையாக நின்றன. எதன் பக்கத்திலும் நிற்க மனசு வரவில்லை. எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

இருநூற்று இரண்டு.