வரிசை வாட்ச்

எட்டு லட்சம் ரூபாய்க்கு ஒரு கைக்கடிகாரம் இருக்கிறது என்பதைவிட, எட்டு லட்சத்தை எடுத்துக்கொண்டு போய் நின்றாலும் அதைத் தரமாட்டார்கள் என்பதுதான் எங்கள் வீட்டையே உலுக்கிப்போட்டது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்பத்தூரில் இருந்தோம். அப்பா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். அப்பாவின் தம்பியான என் சித்தப்பா, எங்கள் குடும்பத்திலேயே முதல்முதலாக கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவர். அயனம்பாக்கத்தில் ஏரிப் பக்கமாக ஃபிளாட் வாங்கிக் குடியேறியிருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் மதியச் சாப்பாட்டுக்குச் சரியாக எங்கள் வீட்டு வாசலில் அவருடைய கார் நிற்கும். வந்ததும், போன வாரம் எதில் ஏமாந்தார் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்வார்.

அந்த ஞாயிறு சித்தி வரவில்லை. அவள் ஐயப்பன்தாங்கல் பக்கம் ஒரு பள்ளியில் சயின்ஸ் டீச்சர். பரீட்சைத் தாள் திருத்தும் வேலை இருந்தது. சித்தப்பா மட்டும் வந்து, போனில் ஒரு வாட்ச் படத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். கறுப்பு முகம், வெள்ளிப் பளபளப்பில் பட்டை. விலையைச் சொன்னார்.

“தங்கமா?” என்று கேட்டார் அப்பா.

“ஸ்டீலுண்ணா.”

அப்பா போனைக் கீழே வைத்துவிட்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஸ்டீலோடு மல்லுக்கட்டுகிற மனிதர் அவர். “டேய், எங்க பட்டறைல தெனமும் இத்த மாதிரி நூறு வாட்சுக்கு ஆவுற ஸ்டீல துருவி ஸ்க்ராப்புல தள்றோம்டா. எட்டு லட்சமா? அதுல அப்டி இன்னாதான் கீது?” என்றார். அம்மா கையில் கரண்டியோடு அடுப்படியை விட்டு வெளியே வந்து படத்தைப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்கு அது அப்பாவின் வாட்ச் மாதிரியேதான் தெரிந்தது. எட்டு லட்சம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தபோது, புதினா வாங்கி வரச் சொல்லி அம்மா என்னைக் கடைக்குத் துரத்திவிட்டாள்.

நான் போன பிறகு நடந்த பேச்சை அப்பா பல வருஷம் கழித்துச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த வாட்ச்சைக் கம்பெனிக்காரன் கொஞ்சமாகத்தான் செய்வானாம். கடைக்கு வருவது அதிலும் கொஞ்சம். கேட்கப் போனால் சோபாவில் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்து, பெயரை எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். கண்ணாடிப் பெட்டியில் ஒன்று இருக்கும். அது பார்ப்பதற்கு மட்டும். ஆனால் யாருக்காவது வாங்கும் பாக்கியம் கிடைத்து, கடையை விட்டு வெளியே வந்தால், அதே வாட்ச்சுக்குப் பதினைந்து லட்சம் கொடுக்க ஆள் இருக்கிறதாம்.

இதைக் கேட்டதும் அப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “அட, பிளாக் டிக்கெட்டு!” என்றார். முதல் நாள் முதல் காட்சிக்காகச் சட்டை கிழித்துக்கொண்ட தலைமுறை அவர்.

சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இது கலெக்‌ஷன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்வெஸ்ட்மென்ட் என்றார். அம்மாவுக்கு இரண்டும் புரியவில்லை. “கட்டிக்குவீங்களா தம்பி?” என்று கேட்டிருக்கிறாள்.

“கட்டிக்கினா கீறல் உழும் அண்ணி, ரேட்டு எறங்கிடும்.”

“அப்ப வித்துடுவீங்களா?”

“வித்தா கடக்காரனுக்கு தெரிஞ்சிடும் அண்ணி. அப்பறம் ஜென்மத்துக்கும் வேற வாட்ச் தரமாட்டான்.”

கட்டவும் முடியாது, விற்கவும் முடியாது என்றால் வாங்குவது எதற்கு என்று கேட்க அம்மாவுக்கு வாய் வரவில்லை. சாதம் குழைந்துவிடும் என்று உள்ளே போய்விட்டாள்.

பிறகு சித்தப்பா முக்கியமான ரகசியத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த வாட்ச்சுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வந்தவனுக்கு முதலில் கொடுக்கிற வரிசை இல்லை. கடைக்காரனுக்கு நம்மைப் பிடிக்க வேண்டும். பிடிக்க வேண்டுமென்றால், யாரும் சீந்தாமல் கடையில் தூங்கிக்கொண்டிருக்கும் மற்ற வாட்ச்சுகளை நாம் வாங்க வேண்டும். வாங்க வாங்க வரிசையில் முன்னால் போகலாம். அப்பா, “அப்ப கல்யாண நாளுக்கு உன் பொண்டாட்டிக்கு ஒண்ணு வாங்கிக் குட்த்தியே?” என்று கேட்டிருக்கிறார்.

சரியாக அந்த நேரத்தில்தான் நான் புதினாக் கட்டோடு உள்ளே நுழைந்தேன். சித்தப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அது வரிசைக்காக வாங்கினதுண்ணா” என்றார்.

என் காதில் விழுந்தது அவ்வளவுதான். எனக்கு வரிசை என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் நிற்பது லைன். ரேஷன் கடையில் நிற்பது க்யூ. தட்டில் புடவையும் பழமும் வெற்றிலையும் வைத்து, மேளம் முன்னால் போக, தூக்கிக்கொண்டு நடப்பதுதான் வரிசை. அதற்கு முந்தின மாதம்தான் பூந்தமல்லியில் அத்தை மகளின் சடங்குக்கு நானே ஒரு வரிசைத் தட்டைச் சுமந்திருந்தேன். ஆகவே சித்தியின் கையில் இருப்பது வரிசை வாட்ச் என்று மனத்தில் பதிந்துபோயிற்று. இவ்வளவு பெருமையான விஷயத்தை எதற்காகக் கிசுகிசுப்பாகச் சொல்கிறார் என்று மட்டும் தோன்றியது.

சித்தியின் வாட்ச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். புளியங்கொட்டை அளவுக்கு முகம், ரோஸ் நிறத்தில் மெல்லிய பட்டை. சித்தப்பாவும் சித்தியும் காதல் கல்யாணம் செய்துகொண்டவர்கள். சித்தியின் வீட்டார் ஆவடியில் இருந்தார்கள். எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் யார் யார் வயலில் கூலி வேலை செய்தார்கள் என்பது அவர்களுக்கு மறக்கவில்லை. ஒருவரும் கல்யாணத்துக்கு வரவில்லை. தாய்வீட்டு வரிசை என்று ஒரு வெற்றிலைகூட இல்லாமல், இரண்டு சூட்கேஸோடு வந்தவள் சித்தி. அதை யாரும் குத்திக்காட்டியதில்லை. ஆனால் எந்த விசேஷத்தில் வரிசைத் தட்டு உள்ளே வந்தாலும் சித்தி எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

சித்தப்பா கல்யாண நாளை ஞாபகம் வைத்துக்கொள்கிற ரகமே இல்லை. நான்கு வருஷம் மறந்தவர், ஐந்தாவது வருஷம் ஒரு பெட்டியோடு வந்து, தன் கையாலேயே அந்த வாட்ச்சைக் கட்டிவிட்டாராம். அன்றைக்கு சித்தி என் அம்மாவுக்கு மூன்று தடவை போன் செய்தாள். அதற்குப் பிறகு அவள் கையில் அது இல்லாமல் நான் பார்த்ததே இல்லை.

அடுத்த சில மாதங்களில் சித்தி உண்டானாள். ஏழாம் மாதம் அயனம்பாக்கம் ஃபிளாட்டில் வளைகாப்பு. அதற்கு ஆவடியிலிருந்து அவளுடைய அம்மாவும் அண்ணனும் உறவுக்காரப் பெண்களும் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. சித்திக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. “நான் நல்லா இருக்கேன்னு எங்கம்மா ஒருவாட்டி கண்ணால பாத்துட்டா போதும்க்கா” என்று என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

வளைகாப்பன்று காலை ஒன்பது மணிக்குச் சித்தப்பாவுக்குக் கடையிலிருந்து போன் வந்தது. அவருடைய முறை வந்துவிட்டதாம். மதியத்துக்குள் வரவில்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுமாம். பெண்கள் விசேஷத்தில் எனக்கென்ன வேலை என்று சொல்லிவிட்டு மனிதர் கிளம்பிவிட்டார். சம்பந்தி வீட்டார் வந்து கேட்டபோது, ஆபீசில் அவசரம் என்று சித்தியே சொல்லிச் சமாளித்தாள்.

ஆவடியிலிருந்து ஒன்பது தட்டு வந்தது. சித்தியின் அம்மா விறைப்பாக நாற்காலியில் உட்கார்ந்து, கூரையைப் பார்த்தாள், டைல்ஸைப் பார்த்தாள், மகளின் முகத்தை மட்டும் நேராகப் பார்க்கவில்லை. சந்தனம் பூசி வளையல் போட ஆரம்பித்தார்கள். இடது கைக்கு வந்தபோது வாட்ச்சைக் கழற்றச் சொன்னார்கள். “அது அப்படியே இருக்கட்டும், மேல போடுங்க. அவரு கல்யாண நாளுக்கு வாங்கிக் குடுத்தது” என்றாள் சித்தி, தன் அம்மாவின் பக்கம் பார்த்தபடி.

அந்த அம்மாள், “ம்” என்றாள். அவ்வளவுதான்.

அந்த ‘ம்’ எனக்குப் பொறுக்கவில்லை. என் சித்தியின் வாட்ச்சை எவளோ ஒருத்தி ‘ம்’ என்று சொல்வதா? நான் கூட்டத்துக்கு நடுவில் புகுந்து, “அது சாதா வாட்ச் இல்ல, வரிசை வாட்ச்! வரிசைக்காகத்தான் வாங்கினேன்னு சித்தப்பாவே சொன்னாரு” என்று சத்தமாகச் சொன்னேன்.

சித்தியின் அம்மா எழுந்து வந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “நாங்க வெக்க வேண்டிய வரிசைய உன் ஊட்டுக்காரரே வெச்சாராடி?” என்றாள். குரல் உடைந்து அழுதுவிட்டாள். சித்தியும் திடுக்கிட்டுத்தான் போனாள். அவளுக்கும் அது புதுச் செய்தி. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தன் மனக்குறையைத் தெரிந்துகொண்டு, இந்த மனிதர் இப்படிச் செய்திருக்கிறாரே என்று அந்த வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை இழுத்து அணைத்து முத்தம் கொடுத்தாள். என் கன்னமெல்லாம் சந்தனம். அன்றைய விசேஷத்தை நான்தான் நடத்திக்கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அரை மணி நேரம் சித்தி இருந்த மாதிரி அவளை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. தாயும் மகளும் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். சித்தியின் அம்மா புளிச்சாதத்தை உருட்டி உருட்டி அவளுக்கு ஊட்டினாள். மீதி வளையலைச் சாப்பிட்ட பிறகு போடலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அப்போது சித்தப்பா வந்து சேர்ந்தார். வியர்வை வழிய, கையில் ஒரு பையோடு, பாஸான பிள்ளையின் முகத்தோடு வந்தார். ஐந்து வருஷமாக அவரோடு ஒரு சொல் பேசாத மாமியார் எழுந்துபோய்க் கை கூப்பினாள். “மாப்ள, அந்த வரிசை வாட்ச்ச பத்தி கொழந்த சொல்லிச்சு. எங்களுக்கு தோணாதது உங்களுக்கு தோணிச்சே” என்றாள்.

சித்தப்பா ஒரு கணம் விழித்தார். பிறகு, சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்த மனிதருக்கு ‘வரிசை’ என்கிற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. “தெரிஞ்சிடுச்சா அத்தை? ஆமா, அந்த வாட்ச்ச வாங்கினதாலதான் வரிசைல முன்னால வந்தேன். இல்லன்னா இத இன்னும் ரெண்டு வருஷத்துக்கு குட்த்திருக்கமாட்டான்!” என்று பையிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்தார்.

வாசலருகே நின்றிருந்த அப்பா, “டேய்…” என்றார்.

“எந்த வரிசைங்க?” என்று சித்தி கேட்டாள். வகுப்பில் கேள்வி கேட்பதுபோலவே அமைதியாகக் கேட்டாள்.

“ஷோரூம் வரிசைதாம்மா…” என்று ஆரம்பித்த சித்தப்பா, சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். சொல்லிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டார். மாமியாரின் கூப்பிய கை அப்படியே நின்றிருந்தது.

எட்டு லட்ச ரூபாய் வாட்ச் பெட்டிக்குள் மின்னிக்கொண்டிருந்தது. ஒருவர்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தவள் நான் ஒருத்திதான். பட்டையின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. இவ்வளவு பெரிய பொருள் வீட்டுக்கு வந்திருக்கிறது, இவர்களெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

சித்தி தன் வாட்ச்சைக் கழற்றினாள். என்னைக் கூப்பிட்டு என் உள்ளங்கையில் வைத்தாள். “இத நீ வெச்சிக்கோம்மா. வளையல் போடணும்” என்றாள். அவளுடைய அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மீதி வளையல்களை ஒவ்வொன்றாக, கை வலிக்காமல் பார்த்துப் பார்த்துப் போட்டாள். சாயங்காலம் வழக்கப்படி மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். சித்தப்பா லிஃப்ட் வரைக்கும் பின்னாலேயே போனார். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். எதற்கென்று சொல்லவில்லை.

அந்தப் பெரிய வாட்ச் இன்னும் பாங்க் லாக்கரில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் விலை இரண்டு பங்குக்கும் மேலே போயிற்று. இன்னும் ஏறும் என்று சித்தப்பா வைத்திருந்தார். பிறகு இறங்கிற்று, திரும்ப ஏறும் என்று இப்போதும் வைத்திருக்கிறார். அவர் அதை ஒரு நாள்கூடக் கட்டியதில்லை. சித்தி பிள்ளையோடு அயனம்பாக்கத்துக்குத் திரும்பி வந்தாள். இருவரும் இன்றும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

நான் சொல்ல வந்தது வளைகாப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. வாட்ச்சைத் திருப்பிக் கொடுப்பதற்காக அம்மா என்னை பஸ்ஸில் ஆவடிக்குக் கூட்டிப் போனாள். வழியெல்லாம் எனக்கு அழுகை முட்டியது. ஒரு வாரமாக அதைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கியிருந்தேன். சித்தி சேரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். அம்மா வாட்ச்சை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

சித்தி அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். “இது யாருதுக்கா?” என்று கேட்டாள்.

“உன்னுதுதாம்மா” என்றாள் அம்மா.

“இல்லக்கா. என்னுது இல்ல” என்று சொல்லிவிட்டு, அதை என் கையில் கட்டிவிட்டாள்.

திரும்பி வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். எனக்கு ஒரே அதிர்ச்சி. அவ்வளவு ஆசையாகக் கட்டியிருந்த வாட்ச்சை, அவ்வளவு விலையுள்ள வாட்ச்சை, ஒரே வாரத்தில் ஒருத்தி அடியோடு மறந்துபோவாளா? வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சிலருக்கு மறதி வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. அதுதான் காரணமாக இருக்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஸ்டாப்பிங் பிள்ளையார் முன்னால் நின்று, சித்திக்கு நல்லபடியாகக் குழந்தை பிறக்க வேண்டும், ஆனால் பிறந்த பிறகும் அவளுக்கு இந்த வாட்ச் மட்டும் ஞாபகம் வந்துவிடக் கூடாது என்று கண்ணை இறுக்க மூடி வேண்டிக்கொண்டேன்.