அலை இல்லாத இடம்

புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு கடற்கரையில், உயிர்காப்புக் காவலர் ஒருவர் தன் ஈரக் கையால் என் வாயைப் பொத்தினார்.

சுற்றுலாத் தொழிலில் பேச்சுதான் என் பிழைப்பு. மைக்கைப் பிடித்தால் ஜெயங்கொண்டத்தில் தொடங்கி விருத்தாசலம் தாண்டும்வரை கீழே வைக்க மாட்டேன். அன்று அந்தக் கை என் வாயை மூடியிராவிட்டால் என் மகள் இன்று உயிரோடு இல்லை. நடந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டு போனால் அந்தக் கையின் உப்பு இன்னும் நாக்கில் தெரிகிறது. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

1. பஸ்ஸில் சொன்னது

நான் வரலாறு படித்தவன். ஜெயங்கொண்டத்தில் ஒரு டிராவல்ஸில் டூர் மேனேஜர். பார்க்க வேண்டிய இடங்களை வரிசைப்படுத்துவதை ‘பாயிண்ட் போடுவது’ என்போம். பாயிண்ட் போடுவது, சாப்பாடு, பார்க்கிங், எல்லையில் பர்மிட், கடைசியில் பார்ட்டியைப் பத்திரமாக வீட்டில் சேர்ப்பது எல்லாமே என் தலையில்.

அன்றைய பார்ட்டி தா.பழூர் பக்கத்து மகளிர் குழு. அவர்களுக்குத் தலைவி அஞ்சலை அக்கா. டிரைவர் கொளஞ்சி, என்னோடு பல ஆண்டுகளாக வண்டி ஓட்டுபவர். பெரம்பலூரில் கல்லூரியில் படிக்கும் என் மகள் நிவேதாவும் வந்தாள். அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் ஓரத்தில் கல்லாகிப்போன சிப்பிகள் கிடைக்கும். ஒரு காலத்தில் அரியலூரே கடலுக்கடியில் இருந்ததன் மிச்சம் அவை. அப்படி ஒன்றைச் சின்ன வயதிலிருந்தே வைத்திருந்தாள். அன்றும் கையோடு எடுத்து வந்தாள்.

“இதோட சொந்தக்காரங்கள உசுரோட பாக்கணும்ப்பா” என்றாள்.

கிளம்பும்போது என் மனைவி வாசலில் நின்று, “நீங்க பேசுற பேச்சுல புள்ளைய மறந்துறாதீங்க” என்றாள். நான் மறக்கிற ஆள் இல்லை. நிவேதா மாடிப்படி இறங்கினாலே கீழே போய் நிற்கிறவன்.

கடலூர் நெருங்கியதும் வழக்கமான எச்சரிக்கையை மைக்கில் சொன்னேன்: “அலை அடிக்கிற பக்கம் யாரும் போகாதீங்க. அலை இல்லாம அமைதியா இருக்கிற எடமாப் பாத்து, கணுக்கால் தண்ணியில நில்லுங்க.”

“சார், எல்லா ட்ரிப்லயும் இதையேதான் சொல்றீங்க” என்றார் கொளஞ்சி.

“எல்லா ட்ரிப்லயும் இதையேதான்யா சொல்லுவேன்.”

இது நான் கண்டுபிடித்த விதி அல்ல. ஏரித் தண்ணீரில் வளர்ந்த எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். அலம்பாத தண்ணீர் ஆளை ஒன்றும் செய்யாது.

2. பாயிண்டுகள்

முதல் பாயிண்ட் அரிக்கமேடு. ரோமாபுரிக் கப்பல்களோடு வாணிகம் நடந்த இடம், மண்ணுக்குள்ளிருந்து அந்நாட்டுப் பானை ஓடுகளும் மணிகளும் எடுத்தார்கள் என்று விளக்கினேன். அங்கே கண்ணுக்குத் தெரிவது மாந்தோப்பும் இடிந்த செங்கல் சுவரும்தான்.

“இந்தச் செங்கல்லப் பாக்கவா சார் இம்மாந்தூரம் கூட்டியாந்தீங்க?” என்றார் அஞ்சலை அக்கா. “கங்கைகொண்ட சோழபுரத்துல கெடக்குற செங்கல்லுக்கு இது கால் தூசு பெறாது.”

அடுத்து நகரம். நடுவில் ஓடும் பெரிய வாய்க்காலுக்குக் கடல் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் இருந்தார்கள், இந்தப் பக்கம் நம் ஆட்கள் இருந்தார்கள் என்று காட்டினேன். மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். மணக்குள விநாயகரைக் கும்பிட்டார்கள். பூங்காவில் வெள்ளை மண்டபத்தைப் பார்த்ததும் ஆயியின் கதையைச் சொன்னேன். அரசன் ஆணையால் தன் மாளிகையைத் தானே இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டிக் கொடுத்தவள்.

“வூட்ட இடிச்சுக் கொளம் வெட்டுனாளா? எங்கூர்ல கொளத்தத் தூத்துல்ல வூடு கட்டுறானுவ!” என்றார் அஞ்சலை அக்கா.

பூங்காவில் இருந்த வேற்றூர்க்காரர்களும் சிரித்தார்கள். கடற்கரைச் சாலையில் பழைய கலங்கரை விளக்கத்தையும், கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் பழைய பாலத்தின் தூண்களையும் பார்த்தோம். அங்கே கரை முழுக்கக் கருங்கல். கால் நனைக்க முடியாது. கடலைத் தொடாமல் திரும்பினால் பார்ட்டி சும்மா விடாது. அதனால் கடைசி பாயிண்ட் எப்போதும் தெற்கே மணல் உள்ள ஒரு கடற்கரை.

3. கடைசி பாயிண்ட்

வெயில் தணிந்திருந்தது. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நான் சொன்னதற்கு நேர்மாறாக அலைக்குள் போய் நின்றார்கள். அலை உடைந்து மேலே விழ விழக் கூச்சல்.

“அக்கா, மேல வாங்க! இழுத்துட்டுப் போயிடும்!”

“போனாப் போவுது சார்! வூட்டுக்குப் போனா மாடுல்ல கறக்கணும்!”

அவர்களை விரட்டுவதிலேயே குறியாக இருந்தேன். நிவேதாவைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவள் சற்றுத் தள்ளி, இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் ஒரு தெருபோல அமைதியாகக் கிடந்த தண்ணீரில் நின்று சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கணுக்கால் அளவுதான். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

“சார்… பாப்பா!”

அஞ்சலை அக்காவின் குரல் மாறியிருந்தது. திரும்பினேன். அந்தத் தெருவில் ஆள் இல்லை. வெகு தூரத்தில் ஒரு தலை. கரையில் நிற்கும்போது என் தோளுக்கு வரும் பெண், ஒரு தேங்காய் அளவுக்குத் தெரிந்தாள்.

அவளுக்கு நீச்சல் தெரியும். முதுகில் காலி கேனைக் கட்டிக் கிணற்றில் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். “இங்க வா! நேரா வா! அப்பாகிட்ட வா!” என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள். என்னை நோக்கிக் கையை வீசினாள். வீச வீசத் தூரமானாள். மறுபடி கத்தினேன். மறுபடி வீசினாள். இடுப்பளவு தண்ணீருக்குள் நான் போய்விட்டேன். காலடியில் மணல் உருவிக்கொண்டு ஓடியது.

விசில் சத்தம். யாரோ என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக் கரைக்கு இழுத்தார். தோளில் சிவப்பு மிதவை. அதற்கு மேலும் நான் கத்திக்கொண்டிருந்ததால்தான் வாயைப் பொத்தினார்.

“கூப்புடாதீங்க சார்! நீங்க கூப்புடக் கூப்புட அந்தப் பொண்ணு நேரா வருது. நேரா வந்தா தம் போயிடும்!”

“அவ எம் பொண்ணுய்யா!”

“அதான் சொல்றேன். வேற யாரு கூப்புட்டாலும் வராது, நீங்க கூப்புட்டா வரும். வாய மூடிட்டு அந்தப் பக்கம் ஓடுங்க. அலை அடிக்குது பாருங்க, அங்க. கையக் காட்டிக்கிட்டே ஓடுங்க!”

சொல்லிவிட்டு அவர் தண்ணீரில் பாய்ந்தார்.

ஓடினேன். மகள் மூழ்கிக்கொண்டிருக்கிறாள், நான் அவளை விட்டுக் கரையோரமாக விலகி ஓடுகிறேன். எந்தப் பெண்களை அலையிலிருந்து விரட்டினேனோ அவர்கள் நின்ற இடத்தை நோக்கியே, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டு. அவள் பெயர் வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கை வீசுவதை நிறுத்தினாள். தலை மறைந்தது. தெரிந்தது. பிறகு மெல்ல, என்னை விட்டுத் திரும்பி, என் கை காட்டிய பக்கம் நீந்தத் தொடங்கினாள். அலை உடையும் இடத்தை எட்டியபோது காவலரின் மிதவை அவள் கையில் இருந்தது. ஓர் அலை இருவரையும் தூக்கிக் கரைப் பக்கம் எறிந்தது. பெண்கள் கைகோத்து இடுப்புத் தண்ணீரில் நின்றார்கள். அஞ்சலை அக்காதான் அவள் முடியைப் பற்றி இழுத்தார்.

4. கரையில்

வாந்தி எடுத்து முடித்ததும் மூச்சு சீரானது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் காட்டாமல் விட முடியாது என்று காவலர் ஆம்புலன்ஸை வரச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“எந்த ஊரு சார்?”

“அரியலூர் பக்கம்.”

“அதான். ஏரிக்கரை ஊர்லேர்ந்து வர்றவங்க ஒருத்தர் விடாம நேரா அங்கதான் போயி நிக்கிறீங்க. கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போவ வழி வேணாமா? அதான் சார் அந்த வழி. வெளிய இழுக்குற தண்ணி, அங்க அலை ஒடையாது. ரெண்டு அடி உள்ள வச்சாப் போதும், இழுத்துட்டுப் போயிடும்.”

நிவேதா அஞ்சலை அக்காவின் மாற்றுச் சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல் தந்தியடித்தது. கோபம் எதுவும் இல்லாமல், நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள்: “நீதானப்பா அலை இல்லாத எடத்துல நிக்கச் சொன்ன.”

அவள் முடியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டேன். பிறகு, “நீ ஓடுனப்ப என்ன விட்டுட்டுப் போறியோன்னு நெனச்சேன்” என்றாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்து, பயமில்லை என்று சொல்லும்வரை பார்ட்டி முழுவதும் வெளியே காத்திருந்தது. திரும்பும் வழியில் மைக்கை நான் தொடவில்லை. பாட்டுப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. விருத்தாசலம் தாண்டியபோது, “கல்லு சிப்பி தண்ணியில போயிடுச்சுப்பா” என்றாள் நிவேதா.

“அது அதோட சொந்தக்காரங்க வூட்டுக்குப் போயிருக்கு பாப்பா” என்றார் கொளஞ்சி, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நாம நம்ம வூட்டுக்குப் போவோம்.”

5. புதிதாக வருகிறவர்களுக்கு

கடற்கரையில் வண்டி நின்றதும் கதவைத் திறக்காதீர்கள். முதலில் நீங்கள் இறங்கி விசில் வைத்திருக்கும் ஆளைத் தேடிப் போய், இன்று எங்கே நிற்கலாம் என்று கேளுங்கள். அந்த இழுவை நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. காவலர் இல்லாத கரையில் பார்ட்டியை இறக்கவே வேண்டாம், எவ்வளவு திட்டினாலும். அலைகளுக்கு நடுவே அமைதியாகக் கிடக்கும் தண்ணீரைக் கண்டால் அதைக் காட்டி, அங்கே போகக் கூடாது என்று சொல்லுங்கள். யாராவது இழுபட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். முக்கியமாக, பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். பக்கவாட்டில் கையைக் காட்டுங்கள்.

நிவேதா மறுபடி கல்லூரிக்குப் போகிறாள். காலையில் பஸ் ஏறும்போது, “பாத்துப் போ, படியில நிக்காத, எறங்கினதும் போன் பண்ணு” என்று தெருவே கேட்கக் கத்துவது என் வழக்கம். இப்போது வாசலில் நிற்கிறேன், குரல் வருவதில்லை. அவள் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து என்னைத் தேடிப் பார்க்கிறாள். பிறகு வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி நீட்டிக் காட்டிச் சிரிக்கிறாள்.

என்னால் இன்னும் சிரிக்க முடியவில்லை. கையை மட்டும் தூக்குகிறேன்.