மிட்டாய்ப் போத்தலுக்குள் வடகடல்

மட்டக்களப்பில் ஸ்டூடியோ வைத்திருக்கும் மொறிஸ் வடதுருவக் கடலுக்குள் குதித்து ஜெலிமீனைப் படம் பிடித்தாராம். போர் முடிந்து இரண்டு வருடத்தில் சந்தையிலும் பஸ்சிலும் இதே கதை. சாட்சிக்குப் படமும் இருந்தது: பாசிக்குடாப் பக்கம் புதிதாகத் திறந்த ஹோட்டலின் வரவேற்பறையில், நீலக் குளிருக்குள் மிதக்கும் கண்ணாடிக் குடை.

விசாரித்துப் பார்த்தால், வடதுருவம் காத்தான்குடி மீன்கடையில்தான் இருந்திருக்கிறது.

மொறிஸின் நல்ல கமராக்களைச் சுனாமி எடுத்துக்கொண்டது. மிஞ்சியவை ஒரு பழைய கமராவும், தண்ணீரென்றால் உதறும் கால்களும். குளிக்கக்கூட வாளியை அரைவாசிக்கு மேல் நிரப்பமாட்டார். அதன்பின் அடையாள அட்டைப் படம்தான் பிழைப்பு. சோதனைச் சாவடிகள் இருந்தவரை ஊருக்கு முகம் தேவைப்பட்டது. சமாதானம் வந்தது, முகத்துக்குக் கிராக்கி போயிற்று.

அப்போதுதான் ஹோட்டல் மனேஜர் ஜெயராஜா ஆசை காட்டினார். "குளிர்கடல் ஜெலிமீன் படம் ஒண்டு கொண்டுவாங்க மொறிஸ். நல்லா இருந்தா ஹோட்டலுக்குள்ளயே ஸ்டூடியோ போட இடம் தாறன்."

வெயிலைத் தேடி வரும் வெள்ளைக்காரருக்கு எதற்குக் குளிர் என்று மொறிஸ் கேட்கவில்லை. கேட்டால் இடம் போய்விடும்.

வலைக்காரர் சொறிமுட்டை என்று திட்டி வீசும் ஜெலிமீன் ஒன்றை மீன்கடைக் கச்சி முகம்மது எடுத்து வைத்திருந்தார். மிட்டாய்ப் போத்தலும் ஐஸும் அவரே கொடுத்தார். போத்தலில் பனி பூத்தது. அடையாள அட்டைக்குக் கட்டும் நீலத் துணியைப் பின்னால் கட்டிய மொறிஸ், பழக்கதோஷத்தில், "நேரா பாருங்க, சிரிக்காதீங்க," என்றார் ஜெலிமீனிடம்.

"ரெண்டு காதும் தெரியுதா எண்டு பாரு," என்றார் முகம்மது.

படம் சுவரேறியது. மொறிஸ் கடலுக்குள் குதித்தே எடுத்ததாக நம்பிய ஜெயராஜாவுக்கு ஆசை அடங்கவில்லை. "வாற ஞாயிறு விருந்தாளிகளைக் கடலுக்குள்ள கூட்டிப் போங்க. இறங்கினா இடம் உங்கட."

"சேர், அது மிட்டாய்ப் போத்தல்."

ஜெயராஜா விழுந்து விழுந்து சிரித்தார். பெரிய கலைஞர்களின் தன்னடக்கம் அவருக்கு மிகவும் பிடிக்குமாம்.

ஞாயிறன்று மொறிஸ் கடற்கரையில் சப்பாத்தைக் கழற்றினார். அலை நாலடி தள்ளி நிற்கும்போதே திரும்ப மாட்டிக்கொண்டார். இடம் கொழும்பு ஆளொருவருக்குப் போனது. படம் சுவரில் நின்றது, வதந்தி ஊரில் நின்றது.

மறுநாள் ஸ்டூடியோ வாசலில் முகம்மது.

"சொறிமுட்டைக்கும் படம் குடுத்திட்டாய். என்ட படம் எங்க?"

சுனாமிக்கு இரண்டு நாள் முந்தி எடுத்த படம் அது. 'திங்கட்கிழமை வந்து எடுங்க காக்கா' என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லியிருந்தார் மொறிஸ். ஞாயிறே கடல் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"இருங்க காக்கா, இப்பவே புதுசா எடுத்துத் தாறன்."

"இந்த வெள்ளைத் தாடியோடயா? நான் வந்து இருந்தது கறுத்தத் தாடியோட. அதைத் தா."

மொறிஸ் நீலத் துணியை மெல்ல மடித்தார்.

"வாற திங்கள் வாங்க காக்கா."