தம்பியின் பெயரில் தேங்கியவை

என் தம்பிக்கு எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். புனேயில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, எல்லோரும் பயன்படுத்தும் இலவச சாட் போதாதா என்று கேட்டேன். "ஊரான் சர்வர்ல நம்ம வூட்டுப் பேச்சு இன்னாத்துக்குக்கா?" என்றான். இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. நான் கேளம்பாக்கத்தில் குடியிருந்துகொண்டு ஓஎம்ஆரில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன், எனக்கும் அதே கம்ப்யூட்டர் பிழைப்புதான். இருவருமாக ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தோம்.

சர்வர் என்று சொல்வதே அதிகம். ஒரு பெரிய கம்ப்யூட்டரைத் தடுப்புப் போட்டுப் பல பேருக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஒவ்வொரு தடுப்புக்கும் கன்டெய்னர் என்று பெயர். எங்களுடையதற்கு ஒதுக்கிய மெமரி மிகக் கொஞ்சம். அளவைத் தாண்டினால் எச்சரிக்கை கிடையாது, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். வேண்டாததையெல்லாம் நிறுத்தி, தட்டிக்கொட்டி, எப்படியோ அதில் எங்கள் சொந்த சாட்டை ஓட வைத்தேன். கல்பாக்கத்துப் பக்கம் அப்பாவின் ஆபீஸ் குடியிருப்பில் இருந்த அம்மா ஒற்றை விரலால் தட்டக் கற்றுக்கொண்டாள். யாராவது உள்ளே வந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். தம்பியின் விளக்கு எரிந்தால் அம்மாவுக்கு அது போதும்.

அடுத்த வருடம் விடுமுறைக்கு வந்தவன், மாமல்லபுரத்திலிருந்து பைக்கில் திரும்பும்போது லாரி மோதி இறந்தான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

சில மாதங்கள் கழித்து சர்வர் விழ ஆரம்பித்தது. தூக்கி நிறுத்தினால் மறுபடி விழும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான் பாவி என்று அவனைத் திட்டிக்கொண்டே தேடினேன். மெமரியை அடைத்துக்கொண்டிருந்தது ஒரே கணக்கு, அவனுடையது. ஆள் இல்லாதபோது வரும் செய்திகளை, அவர் வந்து வாங்கும்வரை சர்வர் மெமரியில் வைத்திருக்கும். அத்தனையும் அம்மா அனுப்பியவை. "சாப்டியா." "இங்க மழ பெஞ்சிகினு கீது." "செய்யூர்லேந்து வேர்க்கடல வந்துச்சு, அவிச்சேன்." "சாப்டியா." கொஞ்சம் படித்துவிட்டு மூடிவிட்டேன். முடியவில்லை.

கணக்கை அழித்தால், அம்மா அடுத்து அனுப்புவது, அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பி வரும். அதை எந்த மகள் செய்வாள்? ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குத் தனியாக வந்த அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அழிக்காதம்மா. அவன் பேர்ல உள்ள போனா எல்லாம் நம்மகிட்ட வந்துடும் இல்ல? நான் எடுத்து வெச்சிக்கிறேன்," என்றார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. சர்வரும் லேசாகிவிடும். பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தேன்.

செய்திகள் மளமளவென்று இறங்கின. அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். எல்லாம் இறங்கி முடிந்தது என்று நினைத்தபோது, கீழே புதிதாக ஒன்று வந்தது.

"வந்துட்டியாடா."

எங்கள் இருவர் மூளைக்கும் எட்டாமல் போனது அதுதான். அங்கே குடியிருப்பில், அம்மாவின் திரையில், தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்துவிட்டது. நான் மவுஸைப் பிடுங்கப் போனேன். அதற்குள் இன்னொன்று.

"சாப்டியா."

அப்பா மவுஸை விடவில்லை. "சாப்ட்டேம்மா" என்று தட்டி அனுப்பினார். அப்புறம்தான் தம்பியின் கணக்கிலிருந்து வெளியே வந்தார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் எதுவும் வந்திருக்கவில்லை.

இருவரும் பஸ் பிடித்துப் போனோம். அம்மா கூடத்தில் கம்ப்யூட்டருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். அழுத மாதிரி தெரியவில்லை. அப்பாவைப் பார்த்து, "நீங்கதான?" என்றாள். அப்பா தலையாட்டினார்.

"அவன் என்னிக்கி அதுக்குப் பதில் போட்டுகீறான்? நான் பாட்டுக்கு கேட்டுகினு இருப்பேன், அவன் பாட்டுக்கு வேலையப் பாத்துகினு இருப்பான். நீங்க பேசாம இருந்திருந்தா, கொஞ்ச நேரமாச்சும் அவன்தான்னு நெனச்சிகினு இருந்திருப்பேன்."

அதற்குப் பிறகு அம்மா அவனுக்கு எதுவும் எழுதவில்லை.