வாத்தியாரோடு காய்

பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில், பிள்ளைகளின் கோபத்துக்கு மருந்து நம்மிடம் இருப்பதாக ஊரே நம்புகிறது. இல்லை என்பது இதே வேலையில் இருக்கும் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். செக்காலைப் பகுதியில் எங்கள் மாலை மையம் நான்கு மணி முதல் ஏழு மணி வரை.

ஒரு விதி

யாரையாவது அடித்தால் சாரி சொல்ல வேண்டும் என்று நான்தான் விதி போட்டேன். மூன்றாம் வகுப்பு தேன்மொழி ஒருநாள் கூடப் படிக்கும் ஃபரிதாவிடம் போய் "சாரி" என்றாள். நான் மகிழ்ந்து முடிப்பதற்குள் ஸ்கேலால் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். இது என்ன நியாயம் என்று கேட்டேன்.

"அதான் முதல்லயே சாரி சொல்லிட்டேன்ல சார்?"

ஏழு மணிக்கு

தேன்மொழியின் அம்மா ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நிற்பவர். அன்று அழைத்துப்போக வந்தவரிடம், மகள் அந்த வாரம் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். சொல்வதில் எனக்கு ஒரு சுகம்கூட இருந்ததோ என்று இன்னும் சந்தேகம். நாள் முழுக்க நின்ற காலோடு அவர் கேட்டுக்கொண்டே நின்றார். ஏற்கெனவே இரண்டு டியூஷனில் மகளை நிறுத்திவிட்டார்களாம்.

"நீங்களும் வேணாம்னு சொல்லிப்புடாதீக சார். அப்புறம் புள்ளைய வீட்டுல வச்சுப் பூட்டிட்டுத்தான் நான் கடைக்குப் போகணும்."

கேரம் பலகை

இனிப் பொறுமையாக இருப்பது என்று முடிவு செய்தேன். இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் ஃபரிதா ஏதோ சீண்ட, தேன்மொழி கேரம் பலகையைக் கவிழ்த்தாள். காய்கள் சிதறின. நான் கத்திய கத்தலில் அறையே அடங்கிவிட்டது. அவள் அழவில்லை. என் முகத்துக்கு நேரே சுண்டுவிரலை நீட்டி, காய் விட்டுவிட்டுப் போனாள்.

உடன் வேலை பார்க்கும் செல்வி டீச்சர் காய்களைப் பொறுக்கியபடி, தலை நிமிராமல் சொன்னார்.

"இம்புட்டு நாளா ஆளத்தானே சார் அடிச்சா? இன்னைக்குப் பலகையோட விட்டுட்டா. அதுக்கா இப்படிக் கத்துனீக?"

பழம்

நான்கு நாள் தேன்மொழி என்னோடு பேசவில்லை. கணக்கு நோட்டைக்கூட செல்வி டீச்சரிடம்தான் காட்டினாள். இவள் நின்றுவிட்டால் அந்தப் பூட்டைப் போட்டவன் நானாகத்தான் இருப்பேன் என்ற நினைப்பு என்னை விடவில்லை. ஐந்தாம் நாள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு விரலைச் சேர்த்து நீட்டிப் பழம் கேட்டேன். இனிமேல் கத்த மாட்டீர்களா என்று கேட்டாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. கத்தினாலும் கத்துவேன், ஆனால் அன்றைக்கே வந்து பழம் கேட்பேன் என்றேன். தன் இரண்டு விரலால் என் விரலைத் தொட்டாள்.

ஏழு மணிக்கு அவள் அம்மா, இன்றைக்கு என்ன புகாரோ என்ற முகத்தோடு வந்து நின்றார். நான் வாய் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"சாருக்குத்தாம்மா கோவம் வருது. பழம் விட்டுட்டேன். நாளைக்கும் நான் வரணும், சார நான் பாத்துக்கிறேன்."

ஐம்பத்து நான்கு வயதில், யாரும் வேண்டாம் என்று சொல்லாமல், என்னையும் ஒரு மாலை மையத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.